இரண்டு தகரத் துண்டுகள்

கரவானுக்கு அடிவயிறு என்று ஒன்று இருப்பதே அதை வாங்கி மூன்று வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. கடற்கரைக்குப் போகலாமென்று பழையதாக ஒன்று வாங்கினேன். இரண்டு கோடைக்குப் போனோம். பிறகு பிள்ளைகளுக்கு எங்களோடு வருவது வெட்கமாகிவிட்டது. பொண்டி என்ற பிரெஞ்சுப் புறநகரில் எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலுக்கு எதிரே நின்று அது பாசி பிடித்தது.

ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் அண்ணர் வந்து சேர்ந்தார். லாச்சப்பலில் நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. வீட்டில் அறைகள் இரண்டுதான். ஒரு மாதம் சோபாவில் படுத்தார். "நான் உதுக்குள்ளை கிடக்கிறனடா, எனக்கென்ன" என்று கரவானைக் காட்டியவர் அவர்தான். அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் அப்படிச் சொல்லும்வரை நானும் மனைவியும் முகத்தை எப்படி வைத்திருந்தோம் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

குளிர் தொடங்கியது. ஒரு பின்னேரம் குசினியில் மனைவி கேட்டாள்:

"உவர் எப்பதான் போவார்?"

"கொஞ்சம் பொறு. நான் ஒரு வழி பண்ணுறன்."

மீன் பொரித்த மணம் போவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். வெளிக் குழாயடியில் அண்ணர் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். தோய்க்கிற சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் கரவானுக்கு அடியில் கிடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஜாக்கை மட்டும் நம்பாமல் நாலு மூலைக்கும் சீமெந்துக் கல் வைத்துவிட்டு மல்லாந்து நுழைந்தேன். அடிப்பக்கம் முழுக்க ஒட்டுப்பலகை, அதன்மேல் கறுப்புத் தார்ப்பூச்சு. பூச்சு உரிந்த இடங்களில் தண்ணீர் புகுந்திருந்தது. திருப்புளியால் குத்தினால் தேத்தண்ணீரில் ஊறின பாணில் குத்தியது போல உள்ளே போனது. உக்கிப்போன பகுதியை வெட்டி எடுத்து, காயவிட்டு, புதுப் பலகை வைத்து முடுக்கி, இரண்டு தரம் தார் பூசினேன். இரண்டு ஞாயிறு பிடித்தது. அண்ணர் பக்கத்தில் குந்தியிருந்து ரோர்ச் வெளிச்சம் பிடித்தார். "டேய், கண்ணுக்குள்ளை தூசி விழும், கண்ணாடியைப் போடு" என்றார். நான் பிறந்த நாளிலிருந்து அவருக்கு டேய்தான்.

அடுப்புக்கு நேர் கீழே ஒன்று, காஸ் சிலிண்டர் வைக்கும் தட்டுக்குக் கீழே ஒன்று என்று இரண்டு ஓட்டைகள் இருந்தன. அளந்து வெட்டினது போல வட்டமாக, கம்பி வலை அடித்து. எலி இப்படி வட்டமாகக் கடிக்குமா என்று யோசிக்கிற மூளை எனக்கு இருக்கவில்லை. பழைய சொந்தக்காரன் எலிக்குப் பயந்து வலை அடித்திருக்கிறான், குளிரும் இதால்தான் ஏறுகிறது என்று முடிவு கட்டினேன். கடையிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்த் தகரத்தை வெட்டி, சுற்றிச் சிலிக்கன் பசை வைத்து, இரண்டையும் காற்றுப் புகாமல் அடைத்தேன்.

"இப்ப காலுக்குக் குளிரேல்லையடா" என்றார் அண்ணர். சில வாரங்கள் நான் பெரிய எஞ்சினியர் போலத் திரிந்தேன்.

ஒரு காலை தேத்தண்ணீர் வைக்கப் போனவருக்கு லைற்றர் கை தவறிக் கீழே விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தபோதுதான் தரையோடு மணத்திருக்கிறது. லைற்றரை அப்படியே விட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "டேய், காஸ் மணக்குது."

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் கிழவரிடமும் ஒரு கரவான் இருந்தது. அவரைக் கூட்டிவந்தேன். சிலிண்டரை மூடினார், காஸ் வருகிற ரப்பர் ரியூப்பில் வெடிப்பு விழுந்திருப்பதைக் காட்டினார். பிறகு முழங்காலில் நின்று அடியைப் பார்த்தவர் சத்தம் போடத் தொடங்கினார். காஸ் பாரமானது, கீழேதான் இறங்கும், அது வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள், எந்த மடையன் அடைத்தான் என்றார்.

அண்ணருக்குப் பிரெஞ்சு தெரியாது. "என்னவாமடா?" என்று கேட்டார்.

"ரியூப் பழசாம் அண்ணை. மாத்தினாச் சரியாம்."

அவ்வளவு நீளப் பேச்சு இவ்வளவுதானா என்று கிழவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி, இரண்டு தகரத்தையும் கழற்றி அண்ணரின் கையில் வைத்தார். மூக்கைத் தொட்டு, ஓட்டையைக் காட்டி, நிலத்தைக் காட்டினார். பிறகு நெருப்புக்குச்சி தட்டுவது போல விரலை அசைத்து, இரண்டு கைகளையும் விரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அண்ணர் தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கமாக வைத்து அடித்திருந்த சூரியகாந்திப் படம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது உன்ர கடைத் தகரமெல்லோ" என்றார். உன்ர என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் கடைசி.

இரண்டு வாரத்தில் ஓல்னே-சூ-புவாவில் நாலு பேரோடு ஒரு அறைக்குப் போனார். "சுகமா இருங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "இப்பவாவது உங்களுக்கு மரியாதை தாறாரே" என்றாள் மனைவி. எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. முதலில் என்னைத்தான் அறைந்திருக்க வேண்டும்.

வருடக்கணக்காக ஒன்றையே நினைத்துப் புழுங்கினேன். ஒரு வழி பண்ணுகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டவர், தகரத்தையும் கண்டவர், தம்பி தன்னை முடிக்கப் பார்த்தான் என்றல்லவா நினைத்திருப்பார். போன வருடம் லாச்சப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தில் எதிர்ப்பட்டார். பிள்ளைகளை விசாரித்தார். நான் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அந்த ஓட்டை எதுக்கெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஓம், தெரியாமத்தான் அடைச்சனீங்கள். அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நான் உங்களிட்டை என்னவாம் எண்டு கேட்டனான். நீங்கள் ரியூப் பழசெண்டு சொன்னனீங்கள்."