காவடிக்குப் பிறகு கொடுக்கலாம் என்றிருந்த மனு

மலாய் எனக்குப் பேச வரும், கடிதம் என்றால் தடுமாறுவேன். படிவம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை மகள்தான் வாசித்துச் சொல்வாள். அவளுடைய குடியுரிமை மனுவை நிராகரித்த கடிதத்தையும் அவளேதான் வாசித்தாள்.

"டுக்காச்சித்தா" என்று கடிதம் தொடங்கியது. வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று அர்த்தம். அவள் செய்தி வாசிப்பவள் மாதிரி கடைசிவரை வாசித்து, மடித்து உறைக்குள் வைத்தாள்.

"காரணம் போடலியா?"

"போட மாட்டாங்கப்பா. ஒங்கள புடிக்கலன்னு எழுதவா முடியும்?"

என் மனைவிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. தாலி கட்டினால் கல்யாணம், பதிவு வெறும் காகிதம், மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் பதிந்தோம். சட்டத்துக்கு அந்த ஒரு மாதம் போதும்; பதியும் முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நாடுதானாம். நான் இந்நாட்டுக் குடிமகன், மகள் இங்கே பொந்தியானில் பிறந்தவள். பிறப்புப் பத்திரத்தில் மட்டும் அவள் குடிமகள் இல்லை.

ஜொகூர் பாருவில் இருக்கும் வக்கீல், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிள், இருபத்தொரு வயசு வரைக்கும் திரும்ப மனு போடலாம். ஆனா அத பதினெட்டா கொறைக்கிறாங்க. பார்லிமெண்டுல பாஸ் ஆயிடுச்சு, எப்ப அமலுக்கு வரும்னுதான் தெரியல. பாப்பாவுக்குப் பத்தொம்பது. இந்த வாரமே கொடுத்திடுங்க."

மனுப் பாரங்களையெல்லாம் அவரே நிரப்பித் தந்தார். கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

நான் கொடுக்கவில்லை. கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். போன முறை சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததால்தான் தள்ளிவிட்டார்கள் என்று மனதில் விழுந்துவிட்டது. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டேன். விரதம் இருந்து, நேர்த்தியை முடித்துவிட்டுக் கொடுப்போம் என்று பாரத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

"மொதல்ல குடுத்துட்டு வந்து காவடி எடுங்களேன். சாமி கோவிச்சுக்கவா போறாரு?" என்றாள் மனைவி.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு லா."

காவடியை நன்றாகவே எடுத்தேன். மகள் பால்குடம் ஏந்தி என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பதிவு இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா பிறந்த தேதியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பாரத்தை எங்கள் பக்கமே நகர்த்தினார்.

புதுச் சட்டம் வந்துவிட்டது, பதினெட்டு தாண்டினால் வாங்க முடியாது என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். சில நாட்கள்தான் ஆகிறதாம். அதற்கு முன்னால் கொடுத்த மனுக்களைப் பழைய சட்டப்படி பார்ப்பார்களாம். அவர் அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் காவடிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்பா. வாங்க."

காரில் ஏறியதும், "திட்டும்மா என்னைய" என்றேன்.

"திட்டுனா ஐசி கார்டு வந்துருமா?"

வக்கீலிடம் போனில் சொன்னேன். அவர், "கேஸ் போட்டுப் பாக்கலாம் அங்கிள், ஆனா நம்பிக்கையா சொல்ல முடியல. அம்மாவோட நாட்டுல பாஸ்போர்ட் கேட்டுப் பாருங்க. அங்கயும் பொறந்த ஒரு வருசத்துல பதிஞ்சிருக்கணும். லேட்டானதுக்குக் காரணம் எழுதணும்" என்றார்.

தூதரகத்தில் வாங்கி வந்த பாரத்தில் இந்திய முகவரி கேட்டிருந்தது. மனைவி தன் அண்ணன் வீட்டு முகவரியைச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்.

"இந்தத் தெரு எப்படிம்மா இருக்கும்?"

"நான் வந்து இருவது வருசமாச்சு. இப்ப எப்படி இருக்கோ."

தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்கே," என்றாள் மனைவி. "நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வர வேணாம்."