முன் சீட்டுக்கு நான்கு விரற்கடை

முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு என் மனைவியால் எங்கள் வண்டியின் முன் சீட்டில் தானாக ஏற முடியவில்லை. எட்டுப் பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. தரையிலிருந்து சீட் எழுபத்தெட்டு சென்டிமீட்டர். தையல் டேப்பால் அளந்தேன். அவளால் ஏற முடிகிற உயரத்தைவிட நான்கு விரற்கடை அதிகம். ஸ்டூல் போட்டுப் பார்த்தோம், ஆடியது. இரண்டு ஞாயிறு நான் தூக்கி உட்கார வைத்தேன். மூன்றாவது ஞாயிறு வாசல்வரை வந்தவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

"தூக்கி எறக்கி வெச்சப்புறம் கடலைப் பாக்கவே தோணல" என்றாள்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவள் அந்தக் கடலை ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் போய், கோட்டைச் சுவரைத் தாண்டி வண்டியை நிறுத்தி, கரையில் இறங்கிப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அது நின்று போனது.

கருங்குழியில் இந்த வகை வண்டிகளை நன்றாக அறிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது என்று அவர்தான் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக, அடியில் இரண்டு நீளமான இரும்புத் தண்டுகள். ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையோடு சேர்ந்திருக்கிறது, மறுமுனையை ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. அந்தத் தண்டின் முறுக்குதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. கிரீஸ் துணியை இரண்டு கையாலும் பிழிந்து காட்டி, இதுதான் டார்ஷன் பார் என்றார். போல்ட்டைத் தளர்த்தினால் முறுக்கு குறையும், மூக்கு இறங்கும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட் இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுத் தளர்த்தினார். ஜாக்கி இறங்கியதும் நான் டேப்போடு குனிந்தேன். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இன்னும் தளர்த்தச் சொன்னேன்.

"இப்ப அளக்காத சார். தூக்கி எறக்கின வண்டி, விறைச்சிகினு கீது. படாளம் வரைக்கும் ஓட்டிட்டு வா, அப்பால பாரு."

நான் கேட்கவில்லை. கையில் எண் இருக்கும்போது அதை நம்பித்தான் எனக்குப் பழக்கம். பத்திரிகை வேலையில் அச்சுக்குப் போகும் நேரம் காத்திருக்காது. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி வண்டிக்கடியில் போய் இன்னும் தளர்த்தினார்.

படாளம் போகும் சாலையில் வண்டி மிதந்தது. மூக்கு தாழ்ந்ததால் முன்கண்ணாடியில் வானம் குறைந்து வயல் நிறைந்தது. தண்ணீர் கட்டிய வயல்களில் கொக்குகள் நின்றன. அவற்றின் நடுவே நான் சத்தமில்லாமல் வழுக்கிப் போவதுபோல் இருந்தது. வண்டி இறங்கிக்கொண்டே இருந்ததை நான் உணரவில்லை. வேகத்தடையில் அடியிலிருந்து 'டங்'கென்று ஒரு அடி. பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்று.

திரும்பி வந்து அளந்தோம். சரியாக நான்கு விரற்கடை. இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க அடியில் வைத்த ரப்பர் கட்டைமேலேயே முன்பக்கம் உட்கார்ந்திருந்தது.

"நாலு விரல் வேணும்னியே, இந்தா கீது. எடுத்துகினு போறியா?" என்றார் மெக்கானிக்.

அவர் திரும்ப முறுக்கேற்றி, அவரே ஓட்டிப் போய் வந்து, அளந்தார். இரண்டு விரற்கடை. அதற்குமேல் இறக்கினால் வண்டி வண்டியாக இருக்காது என்று சொல்லி, சக்கரங்களின் அலைன்மென்ட்டையும் சரிபார்த்து அனுப்பினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறு காலை, வாசலில் அவள் ஒரு முறை முயன்றாள். முடியவில்லை. நான் கையை நீட்டாமல் நின்றேன். அவள் கம்பை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, சிமெண்ட் ரோடு மண் ஓரத்தைவிட உயர்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் அதைத் திட்டாதவர் இல்லை.

"வண்டியை அந்தப் பக்கம் மண்ணுல எறக்கி நிறுத்துங்க. என் கதவு ரோட்டுப் பக்கம் இருக்கட்டும்."

நிறுத்தினேன். அவள் சிமெண்ட் விளிம்பில் நின்று, கதவின் மேல்பிடியைப் பற்றி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவையும் அவளே இழுத்துச் சாத்தினாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டிப் போனோம். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவர் முடிந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். வெயிலில் கடல் வெள்ளையாக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. தார் எங்கே உயர்ந்து மண் எங்கே இறங்குகிறது என்று பார்த்தபடி ஊர்ந்துகொண்டிருந்தேன். அவளும் ஜன்னலுக்கு வெளியே தலையைச் சாய்த்துத் தரையைத்தான் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால" என்றாள்.