கூப்பிட்டும் திரும்பாதது

ஓமானில் என் மகள் குடியிருக்கும் துறைமுக ஊரில் நம் ஊர்ப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் கிடையாது. இருக்கிற ஒன்றுக்குக் காரில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அதனால் ஏழு வயதுப் பேத்திக்குச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பு, என் மகள்தான் டீச்சர். என் வீட்டுக்காரர் இறந்த ஏழாம் மாதம் மகளும் மருமகனும் என்னை அங்கே அழைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் இருந்தேன். அதில் ஒரு நாளைத்தான் எழுதுகிறேன். மற்ற நாட்கள் சரியாக நினைவில்லை.

அன்று காலை மேசையில் புத்தகங்களோடு ஒரு விண்ணப்பமும் கிடந்தது. அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளையைச் சேர்ப்பதற்கானது. நான் அவளை ஊருக்குக் கூட்டிப்போய், திருச்சுழியில் என்னோடு வைத்துக்கொண்டு, தினமும் வேனில் ஏற்றி அனுப்ப வேண்டும். பாதுகாவலர் என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளாக அது அங்கேயே கிடந்தது.

"இன்னைக்குச் சொல்லிரும்மா," என்றாள் மகள், இட்லித் தட்டை எடுத்துக்கொண்டே. "நாளைக்கு அவுக டிக்கெட் போடணும். ஒண்ணா ரெண்டான்னு தெரிய வேணாமா?"

"சொல்றேன் தாயி."

"இதத்தான் நேத்தும் சொன்னே."

பேத்திக்கும் விஷயம் தெரியும். வர மாட்டேன் என்று அழவில்லை. வேனில் ஜன்னலோரம் கிடைக்குமா, நம் தெரு நாய் கடிக்குமா என்று மட்டும் கேட்டு வைத்திருந்தாள்.

எனக்கு வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. அப்போதெல்லாம் யார் எது கேட்டாலும் பக்கத்து வீட்டில் யாரையோ கேட்கிற மாதிரிதான் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். வீட்டில் எதற்கும் முடிவு சொல்லிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்தான்.

மழை எப்படி வருகிறது என்பது அன்றைய பாடம். மகள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவிக்கு மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்துக் காட்டினாள். தட்டின் அடியில் சொட்டுச் சொட்டாக நின்றது.

"கடல்ல இருந்துதான் மேகம் வருது. புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு மிஸ்." பாட நேரத்தில் அம்மா என்று கூப்பிட்டால் பதில் வராது. "கடல் இங்க பக்கத்துலயே இருக்கே, ஏன் மிஸ் மழையே பெய்யல?"

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாச்சி ஊர்லயும் அதே கததான். புத்தகத்துல உள்ளத எழுது."

"மிஸ்ஸுக்குத் தெரியல," என்று பேத்தி என் காதில் சொன்னாள். எழுந்து நின்று, "தேங்க்யூ மிஸ்" என்றாள். அதே மூச்சில், "அம்மா, பசிக்குது" என்றாள்.

நான் சிரித்திருக்கிறேன் போல. "பரவால்லயே, சிரிச்சுட்டே," என்றாள் மகள்.

மருமகன் வேலை முடிந்து வந்ததும் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். தகப்பனும் மகளும் மணலில் குழி தோண்டினார்கள். அலை வந்து நிரப்பிவிட்டுப் போனது.

"அம்மாச்சி, கண்மா ரொம்பிருச்சு!" என்று கத்தினாள் பேத்தி. ஏரிக்கு நாங்கள் சொல்லும் கண்மாய் என்ற சொல்லை என்னிடமிருந்து பிடித்திருந்தாள்.

"அத்த, கால மட்டுமாவது நனைங்க," என்றார் மருமகன்.

எங்கள் பக்கத்தில் கடலுக்கு விளையாடப் போகிறவர்களை நான் கண்டதில்லை. ஓமானுக்குப் போவதற்கு முன் நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை, ராமேஸ்வரத்தில், என் வீட்டுக்காரருடைய சாம்பலைக் கரைக்கப் போனபோது. கரைத்துவிட்டுக் கரையேறினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கூடாது. "திரும்பாம வாங்க மதினி, நேரா வாங்க" என்று என் கொழுந்தன் கார் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஓமானில் அன்று கணுக்கால் தண்ணீரில் நின்றேன். அலை வந்தது, போனது. போதும் என்று கரையேறினேன். ஏறியதும் கால் தானாக நேரே நடந்தது. பின்னால், "அம்மாச்சி!" என்று கேட்டது. "அம்மாச்சி, இங்க பாரு! அம்மாச்சி!" மூன்று தடவையோ நான்கு தடவையோ. எனக்குக் கேட்டது. இது ராமேஸ்வரம் இல்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் கழுத்து திரும்பவில்லை. கார்க் கதவைப் பிடித்த பிறகுதான் நின்றேன்.

பிள்ளை வாளியோடு ஓடி வந்தாள். "கூப்பிட்டேன்ல? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றேன்.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் வாளியில் இருந்த சிப்பிகளை அங்கேயே கொட்டிவிட்டு அப்பாவிடம் போனாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் சொன்னாள். "சரிம்மா. ஒரு டிக்கெட்டே போடச் சொல்றேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே தாயி."

"பிள்ள அந்தக் கத்து கத்துறா. நீ பாட்டுக்குப் போறே. இன்னும் என்ன சொல்லணும்? விடு, ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல. ஒனக்கே ஒரு ஆள் வேணும் இப்ப."

சொல்வதற்கு ஒரு விஷயம்தான் இருந்தது. உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கடலோரம் விட்டுவிட்டு, செத்தவருக்குச் செய்துவிட்டு வருகிறவள் மாதிரி நடந்தேன் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். ரசத்துக்குப் புளி ஊறப்போட்டேன்.

விண்ணப்பம் கிறுக்குகிற தாளாகிவிட்டது. நான் கிளம்பிய அன்று பேத்தி அதை மடித்து என் பையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் கடற்கரை வரைந்திருந்தாள். அப்பா, அம்மா, அவள், மூன்று பேருக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. தள்ளி ஓரத்தில் ஒரு சேலையும் கொண்டையும்.

"எனக்கு மூஞ்சி போடலையா?"

"நீதான் திரும்பலேல்ல," என்றாள். கோபமாக இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

ஊருக்கு வந்து அந்தத் தாளைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். போட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான். தெரியவில்லை.