ராட்டினத்துக்குக் கீழே

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருஷம், காஜா பெராங்கிலிருந்து குடும்பத்தோடு பண்டார் ஹிலிர் திடலுக்குக் கேளிக்கைச் சந்தை பார்க்கப் போனேன். ராட்டினம் ஓட்டியவரின் கணுக்காலில் பெரிய புண்தழும்பு. இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கதவைத் திறப்பார்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்கண்ணே. தொலைஞ்சா ராட்டினத்துக்குக் கீழ வந்து நிக்கணும்" என்றார் என்னிடம்.

பிள்ளைகள் தொலையவில்லை. வளையம் எறியும் கடையில் வாயைப் பிளந்து நின்ற குடும்பத் தலைவர்தான் தொலைந்தார். ராட்டினத்தடியில் என்னைக் கண்டெடுத்த மனைவி, "இவரத்தான் கயித்துல கட்டணும்" என்றாள்.

ராட்டினக்காரர் சிரித்தார். "ஜப்பான்காரன் எங்க ரெண்டு பேரையும் சயாம் ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனப்ப, தம்பிகிட்டயும் தொலைஞ்சா ராட்டினத்துக்குக் கீழ வந்து நில்லுன்னுதான் சொன்னேன்."

"வந்தாரா?"

"எப்படி வருவான்? அங்கயே நான்தானே பொதச்சேன்."

சொல்லிவிட்டு, இறங்க வந்தவர்களின் முகங்களைப் பார்க்கத் திரும்பினார். தன் கையால் புதைத்த தம்பியை அந்த முகங்களில் எப்படித் தேடினாரோ, உயிரோடு தொலைந்த எனக்கு இன்றும் விளங்கவில்லை.