எலைன் எழுதின முதல் சார்ட்

என் பொண்டாட்டி எலைன் தெனமும் விடியக்காலை மாரிகுப்பத்துல ரயில் ஏறி பெங்களூரு போறா. அங்க ஒரு கம்பெனியில, உலோகப் பொடியை லேசர்ல உருக்கி அடுக்கு மேல அடுக்கா பொருள் செய்ற மெஷின் இருக்கு. ரெண்டு வருஷம் பொடி சலிச்சா. போன மாசம்தான் எந்த அடுக்குல எந்தப் பொடி எவ்வளவுன்னு சார்ட் எழுதற வேலைக்கு ஏத்தினாங்க. என் பேரு டென்சில், ஆண்டர்சன்பேட்டையில மிக்சி ரிப்பேர் கடை. மிக்சியில இவ்ளோ வம்பு இல்லப்பா.

அவளோட முதல் சார்ட், பர்னருக்கு ஒரு முனை. அடிப்பக்கம் பைப்போட வெல்டு ஆகணும், அதனால ஸ்டீல். மேல நெருப்பு படுற வாய்க்கு, சூடு தாங்குற நிக்கல் கலவை. நடுவுல ஒண்ணு கொறைஞ்சு இன்னொண்ணு ஏறிக்கிட்டே போகணும். டெஸ்ட் வெச்சா, வாய் மெழுகாட்டம் தொங்கிப்போச்சு. மெஷின் ஓட்டற ஹேமந்த் பொடியை மாத்திக் கொட்டிட்டாருன்னு பழி. திங்கக்கிழமை அவரை வேலையை விட்டு அனுப்பறதா முடிவு.

ஞாயித்துக்கிழமை சர்ச்ல பூசை முடிஞ்சு வந்து போன்ல அந்த சார்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தவ, "ஐயையோ!"ன்னா. "அடுக்கை நான் மேலருந்து எண்ணிட்டேங்க."

எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. எங்க ஊரு தங்க மைன்ஸ்ல முதல் லெவல் மேல இருக்கும், கீழ எறங்க எறங்க நம்பர் ஏறும். அங்க வேலை செஞ்ச அப்பனுங்க பேசறதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு வேற கணக்கே வராது. மெஷினுக்கோ முதல் அடுக்கு அடியில. இவ ஒண்ணுன்னு எழுதின நிக்கல் அடிக்குப் போயி, வாய்க்கு ஸ்டீல் வந்துடுச்சு.

"கம்முனு இரு"ன்னு கத்தினேன். "உன்னை யாரு கேட்டாங்க?"

"ஹேமந்தைக் கேக்கறாங்களே"ன்னா.

மறுநாள் போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டா. சாயந்திரம் பைக்கை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எறங்கி வந்தவ மூஞ்சியே சொல்லிடுச்சு. ஹேமந்துக்கு வேலை இருக்கு. இவ மறுபடியும் பொடி சலிக்கணும்.

நல்லா திட்டணும்னுதான் வாயைத் தொறந்தேன். "உன்னைக் கட்டிக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்"னு வந்துடுச்சு. கல்யாணமாகி பதினேழு வருஷத்துல இப்படிச் சொன்னது இதான் முதல் தடவை.

அவ கிட்ட வந்து மோந்து பார்த்தா. "இன்னாங்க, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லடி."

பின்னாடி ஏறி உக்காந்தா. வண்டி கெளம்பினதும் என் முதுகுல மூஞ்சியை வெச்சு அழுதா. வீடு சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னு மெதுவாவே ஓட்டினேன்.