கழுத்தில் ஏறாத கயிறு

"தவமணி போயிட்டாடி."

அம்மா தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். சாலாக் செலாத்தானில் மகன் வீட்டுக் குளியலறையில் விழுந்திருக்கிறார். வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் மாலையில் திரும்பித்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில், என் அம்மா இருக்கிற, தனியாக வாழும் முதியவர்களுக்கான அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தவர்களுக்குத் தவமணி அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர், கணவரை இழந்தவர், அங்கேயே தனியாகக் குடியிருந்தவர். கீழ்த்தளத்தில் விளக்குப் பலகை முன்னால் அமர்ந்திருப்பார். மாடியில் யாராவது கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் பலகையில் அந்த அறைக்கான சிவப்பு விளக்கு எரியும். "சொல்லுங்கம்மா" என்று அக்கா மைக்கில் கேட்பது அறைச் சுவரிலிருந்து ஒலிக்கும்.

அதைப் பொருத்தியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், ஒன்றைத் தவிர. அங்கிருந்த பெண்களில் பெரும்பாலோர் கைம்பெண்கள். பொத்தானோ கயிற்றில் கோத்து வந்தது.

"தாலி இறங்குன கழுத்துல இன்னொரு கயிறா? சிவ சிவா!" என்று அலறியவர்களில் என் அம்மாவும் உண்டு. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. கணவர் படத்தின் மேல், மாலையோடு மாலையாக மாட்டிவிட்டார்கள். சிலர் அதற்குப் பொட்டும் வைத்தார்கள்.

கிள்ளானிலிருந்து வந்திருந்த பாக்கியத்தம்மாள் அப்படித்தான் இறந்தார். கட்டிலடியில் விழுந்தவருக்குப் படம் எட்டவில்லை.

காரியம் முடிந்ததும் அக்கா எல்லாப் பெண்களையும் படத்தில் மாட்டிய கயிறுகளோடு கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கயிற்றை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்லா பாத்துக்குங்க. நானும் தாலி இறக்குனவதான். படத்துல இருக்கற மனுசன் இறங்கி வந்து தூக்க மாட்டாருலா. நான்தான் வரணும். கூப்பிட்டாத்தானே வருவேன்?"

யாரும் அசையவில்லை. அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். கயிறுகளை வெட்டி எறிந்து, பொத்தானை ஒவ்வொருவர் ரவிக்கையிலும் ஊக்கால் குத்திவிட்டார். சிரித்துக்கொண்டே செய்தார் என்று எழுத ஆசை. அழுதுகொண்டுதான் செய்தார்.

அப்பேர்ப்பட்டவராலும் மகன் வந்து அழைத்தபோது மறுக்க முடியவில்லை. "ஏன்க்கா போறீங்க?" என்று கேட்டேன். "பெத்த புள்ள இருக்கறப்ப நான் தனியா கெடந்தா, ஊரு அவனைத்தான் காறித் துப்பும்" என்றார். ஊர் வாய்க்கு அஞ்சாதவர் என்றுதான் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். மகனுக்காக அஞ்சினார்.

துக்க வீட்டில் மருமகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வீடு நெறைய ஆளு இருக்கோமே, பட்டன் எதுக்குன்னு இருந்துட்டோமே!" நடிப்பில்லை. பாவம், அவளை என்ன சொல்ல?

என் அண்ணன் அங்கேயே என்னைத் தனியாக அழைத்து, "போதும். அம்மாவ இன்னிக்கே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். நானும் என் கணவரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். இது அவருக்கும் தெரியும்.

 காரில் அம்மா, "எங்கடி கொண்டு போய் விடப் போற?" என்று மட்டும் கேட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் ஓட்டினேன்; அங்கே பலகை முன்னால் இப்போது வேறொருவர் அமர்ந்திருக்கிறார். பெற்றவளைத் தனியே விட்டுவிட்டுத் திரும்பி வருகிற துணிவு, அக்கா, உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். கிளம்பும் முன் அம்மாவின் ரவிக்கையில் பொத்தானை ஊக்கால் இன்னொரு முறை குத்திவிட்டுத்தான் வந்தேன்.