லோத்குண்டாவில் நான் எழுதிக் கொடுத்த சான்றிதழ்

வெள்ளிக்கிழமை, காலை 7.40. செகந்திராபாத்.

திருச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து செகந்திராபாத் என்று இரண்டு ரயில் மாறி வந்து இறங்கியபோது இடுப்பு என்னுடையதாக இல்லை. ஸ்டேஷனை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. லோத்குண்டா இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். டிரைவர் முந்நூற்றைம்பது கேட்டார். நான் இருநூறில் ஆரம்பித்தேன்.

"கைக்கு இத்னா ஜக்டா, அம்மா?" என்று சிரித்தார். எதற்கு இவ்வளவு சண்டை என்கிறார். இருநூற்று நாற்பதில் சமாதானமாகி ஏறிக்கொண்டேன். பழைய வாழ்க்கையில் இருபத்தாறு வருடம் இந்த ஊரில் பேரம் பேசியவள் நான், சும்மா விட்டுவிட முடியுமா? கண்டோன்மெண்ட் மதில் ஓரமாகப் போகும்போது, ஊர் சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். வக்கீலைப் பார்க்க வந்தேன் என்றேன். அதன் பிறகு அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

பாலாநகர் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கெஜட்டட் அதிகாரி. இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் என்ன மவுசு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லோத்குண்டாவில் என் வீட்டு வாசலில் பத்துச் செருப்பாவது கிடக்கும். மார்க் ஷீட், ரேஷன் கார்டு விண்ணப்பம், பள்ளிச் சேர்க்கை என்று நம் ஜனங்கள் காகிதத்தோடு வருவார்கள். நான் காபி குடித்துக்கொண்டே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்புவேன். ஒரு பைசா வாங்கியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காலை 8.30. வசந்தியின் வீடு.

வசந்தி வாசலிலேயே நின்றாள். நாற்பத்தைந்து வயது. ரவிக்கை தைப்பவள். அவள் கணவர் முருகேசன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், மூன்று தலைமுறைக்கு முன் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

"ட்ரெயின் லேட்டா அக்கா? ஆறு மணியிலேர்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று பையை வாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து மகள் காவ்யா எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, டீ காவாலா, காபியா?" என்றாள். இருபது வயதாகப் போகிறது, பி.காம். கடைசி வருடம். தமிழ் கேட்டால் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும்.

இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள் வசந்தி. அக்கம்பக்கத்தில் இதை ராமநாதபுரத்துப் பலகாரம் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

வசந்தி ராமநாதபுரம் இல்லை. வவுனியா. சண்டை நடந்த காலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகச் சித்தப்பாவோடு படகேறியவள். தாய் அங்கேயே தங்கிவிட்டார். திருவண்ணாமலைப் பக்கத்து முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கே பக்கத்து ஊரில் இருந்த முருகேசனின் அத்தை பேசி முடிக்க, கல்யாணமாகி இங்கே வந்தாள். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வாசலில் நின்றார்கள். அவளிடம் இருந்த ஒரே காகிதம், முகாமில் கொடுத்த அகதி அட்டை.

"இதை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல வீடுகூடக் கிடைக்காது" என்றேன். அப்போது இங்கே ஈழம் என்று சொன்னாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள், அது பொய்யில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அலுவலகத் தாளில் எழுதினேன்: இவர் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர், பல வருடமாக எனக்குத் தெரிந்தவர். பத்து நிமிட வேலை. அந்தச் சான்றிதழை வைத்து ரேஷன் கார்டு வந்தது, அதை வைத்து வாக்காளர் அட்டை, அதை வைத்து ஆதார். 'ஓம்' என்று சொல்லாதே, 'கதைக்கிறது' என்று சொல்லாதே என்று பேச்சையும் நானே திருத்தினேன். கெட்டிக்காரி, ஒரே வருடத்தில் ஆமாம், வேண்டாம் என்பதற்கெல்லாம் 'ஹவ்', 'நக்கோ' என்று லோத்குண்டாக்காரியாகவே ஆகிவிட்டாள். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன மாதம் திருச்சிக்குப் போன் செய்து அழுதாள். வவுனியாவில் தாய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எண்பது வயதுக்கு மேல், இனி எழுந்து நடக்கமாட்டார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். போவதைவிடத் திரும்பி வருவதுதான் கேள்வி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழக்கம்போல் சொன்னேன். லோத்குண்டா தமிழ்ச் சங்கத்துப் பழைய ஆட்கள் ஆறு பேருக்குப் போன் போட்டேன். ஆறு பேரும் நழுவினார்கள். "ரிட்டயர் ஆனப்புறம் இந்த வம்பெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? பேசாம பென்ஷனை வாங்கிண்டு இருங்கோ" என்றார் ஒருவர். கடைசியில் வழி காட்டியது காவ்யாதான். அவளுடைய வகுப்புத் தோழியின் அப்பா வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துத் தவித்தபோது, மலக்பேட்டில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக வாதாடி அழைத்துவந்ததாம்.

காலை 11.00. மலக்பேட்.

நானும் வசந்தியும் பரேட் கிரவுண்டில் மெட்ரோ ஏறி, எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் வண்டி மாறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து அரைக் கிலோமீட்டர் நடை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. பெயர்ப்பலகை இல்லை, கதவில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது. சட்ட உதவி, கட்டணம் இல்லை என்று உருது, தெலுங்கு, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தமிழில் இல்லை. நம்மவர்களுக்கு இது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும், எனக்கே தோன்றியதில்லையே.

உள்ளே பதினைந்து பேர் பெஞ்சில். வளைகுடாவுக்குக் கணவனை அனுப்பிவிட்டுச் சேதி தெரியாத பெண்கள் சிலர், பர்மாவிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் சில. எனக்குப் பக்கத்தில் பர்மாக்காரப் பெண்ணொருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் இன்னோர் உறை. அதற்குள் அவளுடைய அகதி அட்டை. இவ்வளவு பத்திரமா என்று இந்தியில் கேட்டேன்.

"குடிசை தீப்பிடிச்சப்ப ரெண்டுதான் எடுத்தேன். இவன், அப்புறம் இது" என்று குழந்தையையும் அட்டையையும் தொட்டுக் காட்டினாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வசந்தியின் அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னவள் எம்.ஏ. படித்தவள். சான்றிதழை எழுதி முடித்த கையோடு, "இனி இது வீட்டில் இருந்தால் ஆபத்து" என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுச் சமையலறையிலேயே கிழித்தாள்.

மதியம் 12.30.

வக்கீலின் பெயர் நஸ்ரீன். முப்பது வயதுகூட இருக்காது. மெதுவான இந்தியில் வசந்தியைக் கேட்டார். வசந்தி வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கும் நானே சொன்னேன்.

"மேடம், கொஞ்ச நேரம் நீங்க பேசாம இருக்கீங்களா? இவங்க வாயால கேட்கணும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். வசந்தி நாற்பது நிமிடம் பேசினாள். அவளை இத்தனை வருடமாகத் தெரிந்தும், படகில் தம்பி செத்துப்போனான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"முகாம்ல குடுத்த அட்டை இருக்கா?"

"இல்லை."

"தொலைஞ்சுதா?"

"கிழிச்சுட்டேன்."

"ஏன்?"

என்னைக் காட்டிக்கொடுக்க வசந்திக்கு மனமில்லை. "நான்தான் கிழிக்கச் சொன்னேன்" என்றேன்.

நஸ்ரீன் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகாமில் முறையாகப் பதிவு செய்தவர் என்று காட்ட முடிந்தால், நின்று வாதாட ஓர் இடம் கிடைக்கும் என்றார். பழைய பதிவேட்டைத் தேடிக் கேட்டு எழுதலாம். ஆனால் கேட்ட அன்றே விசாரணை தொடங்கும். விசாரிப்பவர்கள் கையில் முதலில் கிடைப்பது, ராமநாதபுரத்தில் பிறந்ததாகச் சொல்லும் காகிதங்கள். பொய் சொல்லி வாக்காளர் அட்டை வாங்கியது தனிக் குற்றம். அதே காகிதங்களை வைத்து பாஸ்போர்ட் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் எவனாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார். பிறகு மகளின் வயதைக் கேட்டார். சொன்னோம்.

"அவ பிறக்கறதுக்கு முன்னாடியே சட்டம் மாறிடுச்சு" என்றார். தாய் சட்டப்படி தங்கியவள் இல்லை என்று முடிவானால், இந்தியாவில் இந்தியத் தகப்பனுக்குப் பிறந்தும் காவ்யாவின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும். "வாதாடலாம். நான் வாதாடுவேன். ஆனா ஜெயிப்போம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

குற்றம் என்னுடையது என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்றேன். அது உதவும், ஆனால் உங்கள் மேலும் வழக்கு வரலாம் என்றார் அவர். வரட்டும் என்றேன். அறுபத்தேழு வயதில் எனக்கென்ன என்று தைரியமாகத்தான் சொன்னேன். "கல்யாணமான புதுசுல, மகள் பிறக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார் நஸ்ரீன்.

அந்தக் காலத்தில் இப்படி ஓர் அலுவலகம் ஏது என்று கேட்டேன். இந்த மாடி இல்லை, ஆனால் கோர்ட்டில் இலவச சட்ட உதவி அப்போதும் இருந்தது என்றார். இருந்தது, எனக்கும் தெரியும். என் அலுவலகப் பியூனுக்கு ஒரு நிலத் தகராறில் நானே அங்கே வழி சொல்லியிருக்கிறேன். வசந்தி விஷயத்தில் யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கும் என்றே நினைக்கவில்லை.

இப்போதே முடிவு வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று தன் நம்பரை எழுதி வசந்தியிடம்தான் கொடுத்தார், என்னிடம் இல்லை.

மதியம் 2.15.

கீழே ஓர் இரானி ஹோட்டல். இரண்டு டீ, ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட். வசந்தி டீயை ஆற விட்டுவிட்டாள்.

"நக்கோ அக்கா" என்றாள் கடைசியில். "வேணாம். அம்மாவைப் பார்க்கணும்தான். ஆனா அதுக்காகக் காவ்யாவை எந்த ஊரும் இல்லாதவளா ஆக்க மாட்டேன். அவ இந்த ஊர்ப் பொண்ணு. அப்படியே இருக்கட்டும்."

"நான் எழுதித் தர்றேன் வசந்தி. எல்லாம் என் தப்புன்னு எழுதித் தர்றேன்."

"ஒரு தடவை எழுதித் தந்தீங்க அக்கா. போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் என் மனப்பாரம் இறங்கும், அவளுடையது ஏறும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி நான் வந்தது யாருக்காக என்று யோசித்தால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை, மாலை 4.50. செகந்திராபாத்.

வழியனுப்ப வசந்தி வந்தாள். வழியெல்லாம் அமெரிக்காவில் இருக்கும் என் மகனை நினைத்துக்கொண்டு வந்தேன். பத்து வருடமாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறான். வீடு மாறினால்கூட வக்கீலைக் கேட்டுத்தான் விலாசத்தை எழுதுவான். போன தடவை அவனுக்காக இங்கிருந்து அனுப்பிய படிவத்தில் அவன் அப்பா தப்பான கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டார் என்று வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் பிள்ளையின் காகிதத்துக்கு அவ்வளவு பயந்தோம். வசந்தியின் காகிதத்தைக் காபி குடித்துக்கொண்டே எழுதினேன். இரண்டு பேரும் பிழைக்கப் போன இடத்தில் நிற்பவர்கள்தானே!

ரயில் வர அரை மணி நேரம் இருந்தது. அப்போது வசந்தியின் போன் அடித்தது. வவுனியாவிலிருந்து வீடியோ அழைப்பு. தலையணையில் ஒரு சின்ன முகம் தெரிந்தது.

"எப்ப பிள்ளை வாறாய்?"

"இவருக்கு லீவு கிடைக்கேல்ல அம்மா. காவ்யாவுக்குப் பரீட்சை. முடியட்டும், வாறன்."

"ஓம் ஓம், படிப்பு முக்கியம். பக்கத்தில ஆர்? அந்த ஒஃபிசர் அக்காவோ? குடு, குடு."

வசந்தி போனை என்னிடம் நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. கிழவி கண்ணை இடுக்கி என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"மகள், உங்களைக் காணோணும் எண்டு எவ்வளவு காலமா ஆசைப்பட்டனான். என்ர பிள்ளைக்கு அங்க ஆரும் இல்லாத நேரத்தில நீங்கள்தான் காப்பாத்தினனீங்கள். அவள் எப்பவும் சொல்லுவாள். நீங்கள் நல்லா இருக்கோணும்."

வசந்தியைப் பார்த்தேன். அவள் என் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றேன். "உடம்பைப் பார்த்துக்குங்க."